புகைகண்டு தீயறிதல்: மோட்டார் சைக்கிளில் வளி-எரிபொருள் விகிதமானி பூட்டும் முறை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் பழஞ்செய்யுள் ஒன்றையேனும் இலக்கணச் சிக்கல் ஒன்றையேனும் எடுத்து ஆராய்வோமென்றே எதிர்பார்த்திருப்பர். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் ஒரு கருவி பூட்டுவதுபற்றி எழுதப் போகின்றோம் என்றதும் அவர்கள் நகைத்தனர். நகைப்பு நியாயமானதே. ஆயினும், நாம் இக்கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்து, காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளை விளக்கவந்த ஆசிரியர், கருதலளவைக்கு உதாரணமாகக் கரும்பலகையில் எழுதியது யாது? மலையிற் புகை தோன்றுகின்றது, ஆதலின் அங்கே தீ உண்டு என்பதன்றோ?

புகையைக் கண்டு தீ உண்டெனத் துணிதல் எவர்க்கும் எளிது. அத்தீ எத்தகையது, அதற்கு இட்ட உணவு மிகுந்ததோ குறைந்ததோ என்பதையும் அப்புகையைக்கொண்டே துணியலாம் என்பதும், துணியாதுவிட்டால் நேருங் கேடு இன்னதென்பதும் இக்கட்டுரையிற் கூறப்படும். அக்கேட்டை நாம் ஏட்டிற் படித்து அறிந்தோமல்லோம், பட்டு அறிந்தோம்.

காதால் அறிந்த காலம்

1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் நாம் சிறுவர். அக்காலத்தில் இங்குள்ள மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிற் பொன்போலக் காத்து வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேட்டரில் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயைக் கொடுத்து ஓட்டுவர். வீதியெங்கும் வெண்புகையும் மண்ணெண்ணெய் நெடியும் நிறைந்திருந்தமை எம் வயதினர் எவர்க்கும் நினைவிருக்கும்.

அந்நாளில் எம் ஊர்க் கராச்சில் இருந்த திருத்துநர் ஒருவர், எஞ்சினின் ஓசையைக் காதால் கேட்டும், புகையை மூக்கால் முகர்ந்தும், பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைக் கண்ணாற் பார்த்தும் காபரேட்டரைச் சரிசெய்வார். அவர் கையில் மானி எதுவும் இருந்ததில்லை. மண்ணெண்ணெயில் ஓடாதென்று பிறர் கைவிட்ட வண்டிகளை அவர் ஓடவைத்தார். ஆதலின், இக்கட்டுரையில் மானியின் பெருமையைக் கூறுமிடத்து, அத்தகையோர் கைத்திறனைக் குறைத்துக் கூறுதல் எமது கருத்தன்று என்பதை முதற்கண் சொல்லிவைக்கின்றோம்.

அளவாமற் குறைத்தமையால் வந்த வினை

2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் உண்டாயிற்று. அவ்வாண்டு ஜூலை மாதத்திற் கியூ.ஆர். முறை வந்தபொழுது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என முதலில் வரையறுத்தனர். எமது வண்டி தந்தையார் விட்டுச்சென்ற 100 சீ.சீ. நான்கடிப்பு வண்டி, லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும். தீவகத்திலுள்ள பாடசாலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 38 கிலோமீற்றர். நான்கு நாட் பயணத்துடன் அந்த வாரத்துப் பெற்றோல் தீர்ந்துவிடும். இடையில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேரின் துவிச்சக்கர வண்டியே கதி.

இந்நிலையில், காபரேட்டரிலுள்ள பிரதான ஜெற்றை இரண்டு இலக்கம் சிறிதாக்கி, ஊசியையும் ஒரு படி இறக்கிவிட்டால் பெற்றோல் மிச்சமாகும் என்று ஒருவர் எமக்கு யோசனை கூறினார். அவ்வாறே செய்தோம். லீற்றருக்கு 46 கிலோமீற்றர் ஓடக்கண்டு மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி இரண்டு கிழமை நீடித்தது.

ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாட் காலை பண்ணை வீதியாற் சென்றுகொண்டிருந்தோம். இருபுறமும் கடல், எதிரே சோழகக் காற்று. அக்சிலேற்றரை முற்றாகத் திருகிப் பிடித்தால்தான் வண்டி நகரும். பின்னிருக்கையில், எம்மோடு பாடசாலைக்கு வரும் அயல்வீட்டு மாணவன் இருந்தான். எஞ்சினிலிருந்து சிறு மணிகளைக் குலுக்கினாற்போல் ஓர் ஒலி வந்தது. காற்றின் இரைச்சலில் அதனைப் பொருட்படுத்தாதுவிட்டோம். சிறிது தூரஞ் சென்றதும் எஞ்சின் இறுகிற்று. பின்சில்லு சுழலாது நின்று வழுக்கிற்று. கிளச்சைப் பிடிப்பதற்குள் வண்டி சரிந்துவிட்டது. பின்னால் வந்த பேருந்துச் சாரதி விழிப்பாயிருந்தமையாற் பெருந்தீங்கு நேரவில்லை. மாணவனுக்கு முழங்காலிற் காயம். அவன் தாயாருக்கு நாம் என்ன சமாதானம் கூறுவது?

வண்டியை முன்னர்க் கூறிய அதே திருத்துநரிடம் கொண்டு சென்றோம். முதுமையடைந்திருந்த அவர் எஞ்சினைத் திறந்து, விளிம்பு உருகிய பிஸ்ரனைக் கையில் எடுத்துக் காட்டினார்.

“மாஸ்டர், பெற்றோலை மிச்சம் பிடிச்சியள்; எஞ்சினைத் துலைச்சுப் போட்டியள்.”

“கலவையைக் கொஞ்சந்தானே அண்ணை குறைச்சனான்?” என்றோம்.

“குறைச்சது சரி. எவ்வளவு குறைஞ்சதெண்டு ஆர் அளந்தது?”

அவ்வினாவுக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிற் பிறந்ததே.

விகிதம் என்பது யாது?

பெற்றோல் தனியே எரிவதில்லை. வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்தே எரிகின்றது. பெற்றோலின் கூறுகளில் ஒன்றாகிய ஒக்டேனை எடுத்துக்கொள்வோம். 114 கிராம் ஒக்டேன் முற்றாக எரிதற்கு 400 கிராம் ஒட்சிசன் வேண்டும். வளியில் திணிவுப்படி நூற்றுக்கு ஏறத்தாழ 23.2 பங்கே ஒட்சிசன். எஞ்சியதிற் பெரும்பகுதி நைதரசன். எனவே 400 கிராம் ஒட்சிசனைப் பெற 1720 கிராமுக்குச் சற்று மேற்பட்ட வளி வேண்டும். வளியை ஒக்டேனால் வகுப்பின் ஏறத்தாழ 15.1 வரும். பெற்றோல் பல ஐதரோகாபன்களின் கலவையாதலின், அதற்குரிய விகிதம் சற்றுக் குறைந்து 14.7 ஆகின்றது. அஃதாவது, 1 பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி.

இவ்வெண்ணின் பொருளை உணர ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோலின் திணிவு ஏறத்தாழ 740 கிராம். அது முற்றாக எரிய ஏறக்குறைய 10.9 கிலோகிராம் வளி வேண்டும். அவ்வளவு வளி 9000 லீற்றருக்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும். நாம் போத்தலில் வாங்கும் ஒரு லீற்றருக்கு, ஒரு சிற்றறை நிறைந்த வளியை அவ்வெஞ்சின் மூச்சாக இழுக்கின்றது. காபரேட்டரின் தொழில் இவ்விரண்டையும் ஏற்ற அளவிற் சேர்த்தலாம்.

விகிதம் 14.7இற் குறைந்தால் பெற்றோல் மிகுந்த செறிந்த கலவை; கராச்சில் இதனை றிச் என்பர். 14.7இற் கூடினால் வளி மிகுந்த ஐதான கலவை. இதனை லீன் என்பர். உள்ள விகிதத்தை 14.7ஆல் வகுத்துவரும் எண்ணை லம்டா என்னும் கிரேக்க எழுத்தாற் குறிப்பர். லம்டா 1 ஆயின் சமநிலை, அதற்குக் கீழ் செறிவு, மேல் ஐது.

இனி, 14.7 என்பதே எக்காலத்துக்கும் சரியான எண் என்று கொள்ளுதல் பிழை. அஃது இரசாயனக் கணக்குக்குச் சரியான எண். எஞ்சினின் தேவையோ வேலைக்கேற்ப மாறும். எஞ்சின் தன் முழு வலுவையும் தருவது 12.5 முதல் 13 வரையிலான செறிந்த கலவையிலாம். அங்கே மிகையாகச் செல்லும் பெற்றோல் வீணன்று. அஃது ஆவியாகுங்கால் வெப்பத்தை உறிஞ்சி, எரியறையைக் குளிர்விக்கின்றது. முழுச்சுமையில் அம்மிகையைக் குறைத்துச் சமநிலையை நோக்கி நகர்த்தினால், வெப்பம் ஏறும். கலவை உரிய வேளைக்கு முன்பே வெடித்தெரியும். நாம் கேட்ட மணியோசை அவ்வெடிப்பின் ஒலியே. நீரினாலன்றிக் காற்றினாற் குளிரும் சிறிய எஞ்சினுக்கு அவ்வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் குறைவு.

உணரி தொழிற்படும் விதம்

எஞ்சினுட் சென்ற வளியையும் பெற்றோலையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வீதியில் ஓடும் வண்டியில் இயலாது. ஆகவே, வெளிவரும் புகையில் எஞ்சிய ஒட்சிசன் எவ்வளவென்று பார்த்து, உட்சென்ற கலவையைத் துணிகின்றனர். பந்தியில் எழுந்தவர் இலையைப் பார்த்து, சோறு கூடிற்றோ கறி கூடிற்றோ என்று அறிவதை ஒத்தது இது.

இவ்வேலையைச் செய்வது சிர்க்கோனியா என்னும் வெண்மட்பொருள். குளிர்ந்த நிலையில் இது மின்னைக் கடத்தாது. நன்கு சூடேறியதும் ஒட்சிசன் அயன்களைத் தன்னூடே செல்லவிடும். 1920ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசைப் பெற்ற ஜேர்மனிய விஞ்ஞானி வால்தர் நேர்ன்ஸ்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்பொருளாலாகிய கோலைக்கொண்டு விளக்கொன்று செய்தார். இப்பொருளின் ஒருபுறம் வெளிவளியும் மறுபுறம் புகையும் படுமாயின், இருபுறத்து ஒட்சிசனும் வேறுபடுவதற்கேற்ப ஒரு மின்னழுத்தம் தோன்றும். இத்தத்துவத்தைக்கொண்ட உணரியை ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் வாகனங்களுக்கென வெளிக்கொணர்ந்தது. சுவீடனின் வொல்வோ கார்கள் அதனை முதலிற் பெற்றன.

உணரிகள் இருவகைப்படும். முதலாவது குறுவீச்சு உணரி. சமநிலையில் அது ஏறத்தாழ 0.45 வோல்ற்று காட்டும். கலவை சிறிது செறிந்தாலும் 0.8 அல்லது 0.9க்குத் தாவும், சிறிது ஐதானாலும் 0.1 அளவுக்கு வீழும். செறிவா, ஐதா என்னும் வினாவுக்கு அது விடை கூறும். எவ்வளவு என்றால் வாய் திறவாது. திருத்துநர் எம்மைக் கேட்டதோ எவ்வளவு என்பதே. ஆதலின் எமக்கு வேண்டுவது இரண்டாவதாகிய அகல்வீச்சு உணரியாம்.

அகல்வீச்சு உணரியினுள் ஒரு நுண்ணறை உண்டு. புகை அதனுட் புகும். அங்கே ஒட்சிசன் மிகுந்தால் வெளியேற்றியும், குறைந்தால் உட்செலுத்தியும், அவ்வறையை எப்பொழுதும் சமநிலையில் வைத்திருக்க ஒரு மின்கலம் உழைக்கும். அதற்குச் செலவாகும் மின்னோட்டத்தின் அளவையும் திசையையும் பார்த்து மானி விகிதத்தைக் கணிக்கும். தராசின் தட்டு எவ்வளவு தாழ்ந்ததென்று பாராது, அதைச் சமப்படுத்த எத்தனை படிக்கல் இட்டோமென்று பார்ப்பது போன்றது இது. பரவலாக வழங்கும் எல்.எஸ்.யு. 4.9 என்னும் உணரி, தன்னுள்ளிருக்கும் சூடாக்கியால் ஏறத்தாழ 780 பாகை செல்சியசில் நின்று தொழிற்படுகின்றது. இவ்வெப்பத்தை மறவாதிருக்க, பூட்டும் விதிகள் பல இதனாலேயே எழுந்தவை.

பூட்டும் முறை

எம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது மோட்டார்ப் பொறிமுறை கற்பிக்கின்றார். எமது கதையைக் கேட்டு, “சேர், எஞ்சினைத் திருத்தி முடியுங்கோ; என்னட்டை மானி ஒண்டு இருக்கு, பூட்டிப் பாப்பம்” என்றார். அவர் கற்பித்தபடி நாம் செய்தவற்றை முறையாகக் கூறுகின்றோம்.

முதலாவது, இடந்தேர்தல். எஞ்சினின் தலையிலிருந்து இறங்கிவரும் குழாயில், வளைவு முடிந்த பின்னும் சைலன்சர் தொடங்குவதற்கு முன்னுமான பகுதியே தக்க இடம். தலைக்கு மிக அண்மையில் வெப்பம் மிகுந்து உணரி கெடும். குழாயின் கடைவாய்க்கு அண்மையில் வைத்தால், புகையின் துடிப்புகளுக்கிடையே வெளிவளி உட்புகுந்து, இல்லாத ஐதைக் காட்டும்.

இரண்டாவது, சாய்வு. உணரியின் நுனி கீழ்நோக்கியும், உடல் கிடைக்கோட்டுக்குக் குறைந்தது 10 பாகையேனும் உயர்ந்தும் நிற்றல் வேண்டும். காலையில் எஞ்சினை இயக்கும்போது குழாயினுள் நீர் திரளும். அந்நீர், செந்தணலாகச் சூடேறிய மட்பொருளிற் பட்டால் அது வெடித்துவிடும். குழாயின் அடிப்புறத்தில் உணரியைப் பூட்டுவோர் அதனைத் தம் கையாற் கொல்பவராவர். நுனி தாழவேண்டும் என்பதோடு, ஓட்டுபவர் கால் படாமலும், வண்டி சரிந்தால் நிலத்தில் மோதாமலும் இருக்கின்றதா என்று இருக்கையில் அமர்ந்து பார்த்துக்கொள்க.

மூன்றாவது, வளையம் ஒட்டுதல். உணரியின் புரி 18 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் புரியிடையும் உடையது. அதற்கேற்ற புரிவளையத்தைக் குழாயிற் வெல்டிங் செய்தல் வேண்டும். கராச்சில் இதனை நட் என்றே கூறுவர். குழாயை வண்டியிலிருந்து கழற்றியே இதனைச் செய்க. வண்டியில் வைத்தே வெல்டிங் செய்ய நேரின், பற்றரியின் இணைப்பையும் மின்பொறிப் பெட்டியின் இணைப்பையும் முதலிற் கழற்றிவிடுக. குழாய் குரோமியம் பூசப்பட்டதாயின், வெல்டிங் செய்யுமிடத்துப் பூச்சை முன்னரே தேய்த்து நீக்குதல் வேண்டும். அதன் ஆவி நுரையீரலுக்கு நஞ்சு. சில வண்டிகளிற் குழாய் இரட்டைச் சுவருடையது. அங்ஙனமாயின் துளை இரண்டு சுவரையும் ஊடுருவி, வளையம் இரண்டோடும் பற்றவேண்டும். இன்றேல் இடைவெளியிலுள்ள வளியையே உணரி அளக்கும். வெல்டிங் முடியும்வரை உணரியைப் பூட்டலாகாது.

நான்காவது, ஒழுக்குப் பார்த்தல். எஞ்சினின் தலைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள அடைப்பு வளையத்தைப் புதிதாக இடுக. அங்கே மயிரளவு ஒழுக்கு இருப்பினும், புகை வெளியேறுவதோடு நில்லாது, துடிப்பின் இடையில் வெளிவளி உள்ளேயும் இழுக்கப்படும். அதனால் மானி ஐது என்னும். ஓட்டுபவர் அதனை நம்பிப் பெற்றோலைக் கூட்டுவார். ஒழுகுவது புகை, கெடுவது கணக்கு.

ஐந்தாவது, உணரியை இறுக்குதல். புரியில் மாத்திரம், பின்னர் கழற்றுதற்கு உதவும் பசையைச் சிறிது பூசுக, நுனியிற் படலாகாது. 22 மில்லிமீற்றர் சாவியாற் பதமாக இறுக்குக. சிலிக்கன் அடைப்புப்பசையை அருகிலெங்கும் இடாதீர். அதன் ஆவி உணரிக்கு நஞ்சு. ஈயமும் அத்தகையதே. ஆயின் ஈயங்கலந்த வாகனப் பெற்றோலின் விற்பனை 2021ஆம் ஆண்டுடன் உலகெங்கும் நின்றுவிட்டமையால் அந்த அச்சம் நீங்கிற்று.

ஆறாவது, மின்னிணைப்பு. உணரியின் சூடாக்கி மின்னை மிகுதியாக உண்ணும். தொடக்கத்தில் 2 அம்பியருக்கு மேலும் இழுக்கும். பழைய 6 வோல்ற்று வண்டிகளுக்கு இது ஒவ்வாது. 12 வோல்ற்று வண்டியாயினும் பற்றரி நல்ல நிலையில் இருத்தல் வேண்டும். பற்றரியிலிருந்து பியூஸ் ஒன்றினூடாகவும், சாவியால் இயங்கும் றிலே ஒன்றினூடாகவும் மின்னைக் கொணர்க. எதிர்முனையைப் பற்றரியின் எதிர்முனையிலேயே நேரே இணைப்பது நன்று; துருவேறிய சட்டத்தில் இணைத்தால் மானி அலையும். வயர்களைச் சூடான குழாயிலிருந்தும், திரும்பும் முன்கவையிலிருந்தும் விலக்கிக் கட்டுக.

இன்னும் ஒன்று. உணரி பூட்டப்பட்டிருக்க, அதற்கு மின் கொடாது எஞ்சினை ஓட்டலாகாது. சூடேறாத உணரியிற் கரி படிந்து அது குருடாகும்.

எண்ணைப் படித்தல்

காபரேட்டரின் வேலையை மூவர் பகிர்ந்துகொள்கின்றனர். அக்சிலேற்றர் மூடியிருந்து காற்பங்கு திறக்கும்வரை சிறிய ஜெற்றும் அதன் திருகாணியும். காற்பங்கிலிருந்து முக்காற்பங்குவரை ஊசி. அதற்குமேற் பிரதான ஜெற். ஆகவே, ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் பாராது, ஒவ்வொரு பங்கிலும் அக்சிலேற்றரை நிலையாகப் பிடித்து, எஞ்சின் நன்கு சூடேறிய பின், எண்ணைக் குறித்துக்கொள்க. அக்சிலேற்றரின் பிடியில் வெண்ணாடா ஒட்டிக் காற்பங்குகளைக் குறித்துவைத்தல் உதவும். ஓட்டுபவர் மானியையே பார்த்துக்கொண்டிருத்தல் ஆபத்து. பின்னிருப்பவர் குறிக்கலாம், எண்களைத் தானே பதிந்துகொள்ளும் மானியாயின் இன்னும் நன்று.

காற்றாற் குளிரும் சிறிய நான்கடிப்பு எஞ்சினுக்கு, நின்றியங்கும்போது 13 முதல் 13.8 வரையும், நிதானமான ஓட்டத்தில் 14 முதல் 14.7 வரையும், முழுத்திறப்பில் 12.5 முதல் 13.2 வரையும் இருப்பின் பழுதில்லை. ஒருவேளையில் ஒன்றை மாத்திரமே மாற்றுக. ஊசியின் கொளுவியைக் கீழ்ப்படிக்கு மாற்றினால் ஊசி உயர்ந்து கலவை செறியும். மேற்படிக்கு மாற்றினால் ஐதாகும்.

திருத்திய எஞ்சினில் முதலிற் பழைய அளவான ஜெற்றை இட்டு ஓடினோம். முழுத்திறப்பில் மானி 12.9 காட்டிற்று. பின்னர், திருத்துநரின் வினாவுக்கு விடை காணும்பொருட்டு, எம்மை வீழ்த்திய சிறிய ஜெற்றை மீண்டும் இட்டு, முழுத்திறப்பிற் சில விநாடிகள் மாத்திரம் ஓடிப் பார்த்தோம். மானி 14.9 காட்டிற்று.

இவ்வெண்ணைச் சற்று ஊன்றி நோக்குக. 14.7 என்பதே சரி என்று அரைகுறையாகக் கற்றவன், 14.9ஐக் கண்டு, ஏறக்குறையச் சரிதான் என்று திருப்தியடைவான். நிதானமான ஓட்டத்துக்கு அது தாங்கக்கூடிய எண்ணே. சோழகக் காற்றை எதிர்த்து, இருவரைச் சுமந்து, முழுத்திறப்பில் ஓடும் எஞ்சினுக்கு அதுவே கூற்றுவன். மானி எண்ணைச் சொல்லும். அவ்வெண் எவ்விடத்துக்கு உரியதென்பதை ஓட்டுபவனே அறிதல் வேண்டும். ஒரு சொல்லுக்கு அகராதியிற் பொருள் இருப்பினும், இடம் நோக்கியே உரை காண்கின்றோமன்றோ?

ஊசியை மாத்திரம் ஒரு படி இறக்கி, பிரதான ஜெற்றைப் பழைய அளவிலேயே விட்டோம். இப்பொழுது வண்டி லீற்றருக்கு 43 கிலோமீற்றர் ஓடுகின்றது. அளந்து பெற்ற மிச்சம் 3 கிலோமீற்றர். அளவாது பெற்ற 6 கிலோமீற்றரிலும் அது பெரிதென்பது எமது துணிபு.

மானி மயங்குமிடங்கள்

கருதலளவையிற் போலி உண்டென்று நாம் படித்திருக்கின்றோம். மானிக்கும் அஃது உண்டு. மானி பெற்றோலைக் காண்பதில்லை. எஞ்சிய ஒட்சிசனையே காண்கின்றது. கலவை மிகச் செறிந்து, பிளக் நனைந்து, எஞ்சின் இடையிடையே எரியாது தவறினால், எரியாத ஒட்சிசன் முழுவதும் புகையில் வரும். மானியோ ஐது என்னும். அவ்வேளையிற் பெற்றோலைக் கூட்டுவது, அசீரணக்காரனுக்கு விருந்திடுவதாகும். முதலிற் பிளக்கும் மின்பொறியும் செம்மையாயிருத்தல் வேண்டும்.

நின்றியங்கும்போது புகையின் வேகம் குறைவாதலின், வெளிவளி பின்னோக்கிப் புகுந்து எண் அலையும். அதனைப் பெரிதாக நம்பற்க. ஈரடிப்பு எஞ்சின்களில், எரியாத புதுக்கலவையே புகைவாயிலால் நேரே வெளியேறும் தன்மையாலும், எண்ணெய் படிவதாலும், இவ்வுணரி செவ்வனே தொழிற்படாது. பெற்றோலில் எதனோல் கலந்திருந்தால் சமநிலைக்குரிய எண்ணும் மாறும். தூய எதனோலுக்கு அது 9 மாத்திரமே. அத்தகைய இடத்து லம்டாவை நோக்குதலே முறை.

யாவற்றினும் முக்கியமானது பின்வருவது. செறிந்த கலவையின் புகையிற் காபனோரொட்சைட்டு மிகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பூட்டிய கொட்டிலில் உயிரைக் குடிக்கும். எஞ்சினை இயக்கிச் செய்யும் வேலை எதனையும் திறந்தவெளியிலேயே செய்க. மேலும், ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்தின்பொருட்டுச் செய்யும் புகைப் பரிசோதனைக்கு இம்மானி ஈடாகாது. அதற்குச் செல்லுமுன் வண்டியின் நிலையை அறிய உதவும், அவ்வளவே.

முடிவு

வேலை முடிந்தபின் மானியைத் திருத்துநரிடம் காட்டினோம். அவர் அதனைப் பாராது, எஞ்சினை இயக்கச் சொல்லிக் கண்ணைமூடிக் கேட்டார். “கொஞ்சம் றிச்” என்றார். மானி 13.1 காட்டிற்று. பின்னர் கண்விழித்து, எண்ணைப் பார்த்துச் சிரித்தார். “நிக்கேக்கை நான் சொல்லுவன், மாஸ்டர். பண்ணையிலை காத்துக்கை ஓடேக்கை என்ரை காது உங்களோடை வராது. இது வரும்.”

அவர் கூறியதிலும் நன்றாக நாம் கூறவல்லோமல்லோம். அறிந்தோர் உரையும் அளவையே, அதனை இகழலாகாது. யாம் கேட்டு மோசம்போன யோசனையும் உரைதான். ஆனால் அஃது அளந்தறிந்தவர் உரையன்று. உரையைக் கருதலாலும், கருதலைக் காட்சியாலும் சோதித்தே கொள்ளவேண்டும் என்று இக்கல்லூரியிற் படித்ததை, நாற்பது வயதில் வீதியில் வீழ்ந்து மீண்டும் படித்தோம்.

மானி இப்பொழுது எமது வண்டியில் இல்லை. உணரியைக் கழற்றி, வளையத்துக்கு ஒரு புரியாணி இட்டு மூடிவிட்டோம். ஒருமுறை அளந்து சீர்செய்த வண்டிக்கு அது நாள்தோறும் வேண்டுவதன்று. ஒரு மானி பல வண்டிகளுக்கு உதவும். அன்று விழுந்த மாணவன் முழங்காலில் வடுவோடு இன்றும் எமது பின்னிருக்கையிலேயே பாடசாலைக்கு வருகின்றான். சோதனை ஓட்டங்களில் எண்களைக் கொப்பியிற் குறித்தவனும் அவனே.

விழாக் காணும் எமது கல்லூரி, அளந்தறிந்து பேசும் மாணவரை இனிவரும் ஆண்டுகளிலும் ஈன்று நீடு வாழ்க.